இடம் விடச் சொல்பவர்

"எடம் வுடுங்க சார், எடம் வுடுங்க. அந்த சைக்கிள்காரரு எங்க போவாரு?" என்று சொல்லிக்கொண்டே இளையபெருமாள் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி குலுங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கூட்டுறவு வங்கிக்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது. இளையபெருமாளுக்கு வியர்ப்பதில்லை. பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில், பதினான்கு வருடமாக, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், இடது பக்க இருக்கையிலேயே உட்கார்ந்து போய் வந்துகொண்டிருப்பவர் அவர்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக் கொடுப்பவருக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக் இளையபெருமாளின் வலது காலில் ஒரு பழக்கமாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. திருமானூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு பஸ்ஸில் போனால், வளைவு வரும்போதெல்லாம் தரையை மிதிப்பார். "ரெண்டு தடவ என் காலயே மிதிச்சுட்டாருங்க" என்கிறார் அவர் மனைவி சம்பூர்ணம். இளையபெருமாளுக்கு வயது நாற்பத்தாறு. முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்திருப்பார். காலையில் முதல் வேலை, வண்டியின் நான்கு பக்கமும் குனிந்து பார்ப்பது. புதிதாக ஒரு கீறல் இருந்தால் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் சரியாகப் பேச மாட்டார்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு இளையபெருமாள் எங்கே போகிறார் என்பது அவரிடம் வண்டி பழகிய எங்களில் யாருக்கும் வெகுநாள் தெரியாது. வெங்கடேசபுரத்தில் ஆகிப்பின் பிரவுசிங் சென்டருக்குப் போய் கார் ரேஸ் விளையாடினார்.

ஆகிப் லப்பைக்குடிகாட்டுக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய மாமன் மகன் அஸ்லாம், ஷார்ஜாவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். அங்கே ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை கடைகளை மூடிவிடுவார்களாம். அவர்களுக்கு ஒரு மணி என்றால் நமக்கு இரண்டரை. இளையபெருமாளுக்கும் காலை வகுப்பு முடிந்து மாலை வகுப்பு தொடங்காத நேரம். பிராட்பேண்ட் வந்த புதிது. ஷார்ஜாவில் இருப்பவரும் பெரம்பலூரில் இருப்பவரும் ஒரே சாலையில் வண்டி ஓட்டலாம் என்று ஆகிப் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை.

விளையாடத் தொடங்கிய முதல் வாரம் யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். "கண்ணு தெரியலயா இவனுவளுக்கு?" என்று அவர் திரையைப் பார்த்துக் கத்தினார்.

"கேம்ல இதெல்லாம் சகஜம்ணே" என்றார் ஆகிப்.

"என்ன சகஜம்? உரசுறது வேற, இடிக்கிறது வேற. ரெண்டு வண்டி ஒட்டிப் போறப்ப லேசாப் பட்டா அது ஒண்ணுமில்ல. ஆனா பிரேக்கே போடாம வந்து, அடுத்தவன் மேல சாஞ்சுக்கிட்டு வளைவு திரும்புறான் பாரு, அவன் ஓட்டுறவனே கெடயாது."

இதை ஆகிப் அப்படியே ஷார்ஜாவுக்கு அடித்து அனுப்பினார். ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தையாகப் பதில் வந்தது: 'அண்ணன் நம்ம ஆளு.' அன்றிலிருந்து இரண்டு பேர் மட்டும்தான் ரேஸ். அஸ்லாமுக்கு நீல வண்டி, இவருக்குச் சிவப்பு. பக்கத்தில் பக்கமாக வளைவுக்குள் நுழைந்தால் ஒருவருக்கொருவர் ஒரு வண்டி அகலம் விட்டுத் திரும்புவார்கள். ஒருமுறை இவர் வண்டி பட்டு அஸ்லாம் தடுமாறியபோது, இவர் தானாகவே நின்று, அவரை முன்னால் விட்டுவிட்டுத்தான் கிளம்பினாராம். நாலு மாதத்தில் ஒரு நாள்கூட இளையபெருமாள் ஜெயித்ததில்லை. இரண்டு வண்டி நீளம் பின்னால் வந்து, 'நல்ல ரேஸ்' என்று ஒற்றை விரலால் அடித்துவிட்டு எழுந்து போவார். அஸ்லாமின் முகத்தையோ குரலையோ அவர் அறியமாட்டார்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. லைசென்ஸ் டெஸ்டுக்குக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க, நாங்கள் நான்கு மாணவர்கள் ஆகிப்பின் கடைக்குள் நுழைந்தோம். மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். விரல் கீபோர்டில் இருந்தது. வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, சார் நூத்தி எண்பதுல போறாரு!" என்று சிரித்தார் கணக்கு டீச்சர் நர்மதா. "எங்கள மட்டும் இருபதுலயே வெச்சிருக்கீங்களே சார்!"

அவர் திரும்பவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. கடைசிச் சுற்று. நீல வண்டிக்கும் சிவப்பு வண்டிக்கும் ஒரு வண்டி இடைவெளிகூட இல்லை. நாங்கள் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "வுடாதீங்க சார், வுடாதீங்க!" என்று கத்தினோம். கடைசி வளைவில் அஸ்லாம் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். சிவப்பு வண்டி நீல வண்டியின் கதவில் போய் மோதியது. நீல வண்டி சுழன்று சுவரில் அடித்து நின்றது. மோதிய வேகத்திலேயே திரும்பிய சிவப்பு வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது.

கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

திரையின் அடியில் எழுத்து வந்தது: 'அண்ணே, நெட்டு ஸ்லோவா? தெரியாமப் பட்டுச்சா?'

இளையபெருமாளின் விரல் கொஞ்ச நேரம் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. நாங்கள் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தோம். 'ஆமா' என்று அடித்தார்.

'பரவாயில்லண்ணே. மொத ஜெயிப்பு. சந்தோஷம்.'

நர்மதா டீச்சர் விடவில்லை. எல்லோருக்கும் டீயும் முட்டை பப்ஸும் வாங்கிக் கொடுத்தார். இளையபெருமாள் தன் பப்ஸைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசியில் அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எண்ணெய் சட்டையில் ஊறியது.

மறுநாள் நான் விட்டுப்போன ஒரு ஜெராக்ஸை எடுக்கப் போனபோது, ஆகிப் உற்சாகமாக வாத்தியாரை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். "ஒங்க ஜெயிப்ப திரும்பப் பாக்கலாம் வாங்கண்ணே. முழுசாப் பதிவாயிருக்கு." பின்னாலிருந்து பார்ப்பதுபோல் சிவப்பு வண்டி ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் அதன் பின்பக்கம் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. கடைசி வளைவில் எரியவில்லை.

ஆகிப் அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். கள்ளமில்லாத மனிதர். "என்னண்ணே, லைட்டே எரியல? நெட்டு ஸ்லோன்னாலும் லைட்டு எரியுமே."

"நிறுத்துப்பா."

"இல்லண்ணே, இந்த எடத்துல..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

ஆகிப்புக்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்திவிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்: "இது அஸ்லாம் கிட்டயும் இருக்கும்ணே. அவன் எப்பவும் போட்டுப் பாப்பான்." இளையபெருமாள் எழுந்தார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்.

பதினோரு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வகுப்பில் "எடம் வுடுங்க" என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஒருநாள் நர்மதா டீச்சர், நின்றிருந்த பால் வேனின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டார். "தெரியாமப் பட்டுடுச்சு சார்" என்றார். உண்மையும் அதுதான். இளையபெருமாள் முகம் செத்துப்போயிற்று. இறங்கிப்போய் வேன்காரர் முன்னால் கைகூப்பி நின்றார். "வுடுங்க சார், கண்ணாடி மடங்கியிருக்கு, அவ்வளவுதானே?" என்று வேன்காரர் சொல்லியும் அவர் கையைப் பிரிக்கவில்லை. வேன்காரருக்கே கூச்சமாகிவிட்டது.

அன்று திரும்பி வரும்போது நான் கேட்டேன், ஏன் ஆகிப் கடைக்குப் போவதில்லை என்று. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேமுதானேன்னு சொல்லுவீங்க. இடிச்சதக்கூட வுடுங்க சார். ஏதோ வெறி, நீங்கள்லாம் நிக்கிறீங்க, புத்தி கெட்டுப்போச்சு. ஆனா அந்தப் புள்ள தெரியாமப் பட்டுச்சான்னு கேட்டான் பாருங்க. நான் தப்பிச்சுக்க வழிய அவனே எடுத்துக் குடுத்தான். கூச்சமில்லாம வாங்கிக்கிட்டேன். சந்தோஷம்னு வேற சொன்னான்." பிறகு, "நாளைக்குப் போறேன். நீங்களும் வாங்க சார். அன்னிக்கு இருந்தவங்க யாராவது ஒருத்தர் இருக்கணும்" என்றார்.

எனக்கு அவருடன் போவதற்கே என்னவோபோல் இருந்தது. போனேன்.

'அண்ணே, வந்துட்டீங்களா! ஒடம்புக்கு ஏதும் இல்லையே?' என்று கேட்டார் அஸ்லாம். 'இல்ல' என்று அடிக்க இளையபெருமாளுக்கு வெகுநேரம் பிடித்தது. ரேஸ் தொடங்கியது. முதல் இரண்டு சுற்றும் எப்போதும்போல். மூன்றாவது சுற்றில், கடைசி வளைவுக்கு வரும்போது நீலம் முன்னால், சிவப்பு சற்றுப் பின்னால். வளைவுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே நீல வண்டி வேகத்தைக் குறைத்தது. சாலையை விட்டு இறங்கியது. ஓரத்துப் புல்வெளியில் போய் ஒதுங்கி நின்றது.

குடித்துவிட்டு ஓட்டுகிறவன் வருவதைப் பார்த்தால் நாம் அப்படித்தான் ஒதுங்குவோம். ஆகிப் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சிவப்பு வண்டியும் நின்றது.

'போங்கண்ணே' என்று எழுத்து வந்தது.

இளையபெருமாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். 'தெரிஞ்சுதான் இடிச்சேன். பொய் சொன்னேன்.' அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்.

'தெரியும்ணே' என்று வந்தது. பிறகு, 'நீங்க போங்க.'

"அண்ணே, டைம் ஓடுது, அமுக்குங்க" என்றார் ஆகிப், தாங்கமுடியாமல்.

இளையபெருமாள் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்தார். தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டார். நீல வண்டி கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மெல்லச் சாலையில் ஏறி, நிற்கும் சிவப்பு வண்டியை வெகுவாக விலகிக் கடந்துபோனது. அது வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவர் கைகளை வெளியே எடுக்கவில்லை.