முகூர்த்தத்துக்கு மூடாத இறக்கை

இறக்கைத் தகட்டை மூட முகூர்த்தம் பார்த்தவர்களை அதுவரை நான் கண்டதில்லை. பஸ் பாடி கட்டும் ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் தகடுகளைச் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்கிற வேலை பார்த்தவள் நான். அங்கேயும் பூசணிக்காய் உடைப்பார்கள், டயருக்கு அடியில் எலுமிச்சை வைப்பார்கள். அதெல்லாம் வண்டி சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு. இங்கே பார்ப்பதற்கு முன்னாலேயே பூசை!

திருவொற்றியூரில் ஒரு குடோன். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற சிவராமன் சார் அங்கே சொந்தமாக ஓர் அலுமினிய விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சீட் அவருக்கு, ஒரு சீட் அவர் மனைவிக்கு. ரிவெட் அடிக்க என்னையும், என்னோடு ஷெட்டில் இருந்த குமாரையும் வைத்திருந்தார். குமார் வெளியே நின்று ரிவெட் கன்னால் அடிப்பான். நான் இறக்கைக்குள் கையை விட்டு, ரிவெட்டின் பின்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பேன். உள்ளே இருக்கும் வட்ட ஓட்டை வழியாக என் கை மட்டும்தான் தோள்வரை போகும்.

மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மூடும் முன் விமானங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். அன்று மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சார் பத்தரைக்கே மூடச் சொன்னார். நல்ல நேரமாம். சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து நின்றார்கள்.

"அவர் வந்தா கீழ இருக்குற சின்ன மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்துக்கட்டும்மா," என்றார்.

கையை விட்டேன். டாலி பிடிக்கும் முன் பக்கத்து வரிசையை விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பது என் பழக்கம். இறக்கையின் பாரம் முழுக்கத் தாங்கும் நீளச் சட்டம் ஸ்பார். அதில் ஒரு ரிவெட் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. பட்டி! பஸ்ஸில் ஒடுக்கு விழுந்த இடத்தில் பூசி, மேலே பெயின்ட் அடிப்போமே, அதே பட்டி. அடியில் இரண்டு ஓட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து கிழிந்திருந்தன. ரிவெட்டே இல்லை.

"இன்னா குமாரு இது?"

"யக்கா, டிரில்லு ஸ்லிப் ஆயிட்ச்சு. ஒரு ஓட்டைதானே? பேஜார் பண்ணாத, டாலியப் புடி."

"பஸ்ஸு பிரேக்டவுன் ஆனா ஓரங்கட்டலாம். இத்த எங்கடா ஓரங்கட்டுவ? மேல போயி ரெக்கை மடிஞ்சா நீயா போயி புடிப்ப?"

சாரிடம் சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார். பாருங்கள், ஓட்டையைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தார்!

"அப்புறம் பேசிக்கலாம் தேவகி. நேரம் போகுது. சொன்ன வேலையச் செய்."

டாலியைக் கீழே வைத்தேன்.

"என் கை உள்ள போவாது சார். வேற கை கீதான்னு பாருங்க."

வேறு கை இல்லை. குமார் விட்டுப் பார்த்தான், முழங்கையில் சிக்கியது. "கூலிக்கு வந்தவளுக்கு எவ்வளவு திமிரு பாரேன்," என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். சார் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். போவேனா? இறக்கைக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நல்ல நேரம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நான் காட்டிய இடத்தில் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தார். "இந்த ஸ்பாரைக் கழட்டிப் போடுங்க. இதுல ஆளை ஏத்தினா கொலை," என்றார்.

சாரின் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எனக்கும் சேத்துத்தானே சீட் போட்டீங்க?" என்று கேட்டார். சார் மறுபடியும் வாட்சைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். "யார் கண்டுபிடிச்சது?"

சார் முந்திக்கொண்டார். "நாங்கதான் சார். சந்தேகமா இருந்துச்சு, அதான் மூடாம வெச்சோம்."

"உள்ள டாலி பிடிச்சது?"

"அது ஹெல்பர்."

அடேங்கப்பா! காலையிலிருந்து நான் வாங்கிய பேச்சு என்ன!

"ஹெல்பருக்குப் பேர் கீது சார். தேவகி. கண்டுபுடிச்சதும் நான்தான், மூட வுடாததும் நான்தான். எய்துங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். அப்புறம் எழுதினார்.

ஸ்பாரை மாற்ற இரண்டு மாதம் ஆனது. கடைசியில் ராகு காலத்தில்தான் மூடினோம். இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே போவது உங்கள் கை என்றால், நோட்டில் உங்கள் பேர் இருக்க வேண்டும். அதை எழுத மாட்டோம் என்று சொன்னால் கையை வெளியே எடுத்துவிடுங்கள்.