மரியான் போட்ட கையெழுத்து

மரியான் பர்னாந்துக்குக் கையெழுத்துப் போடுவதென்றால் கூச்சம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலேறியவர். இருபத்திரண்டு வருஷம் கப்பல் குசினியில் வெந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டுகிறார். வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகிற வேலை. ரேஷன் கடையில்கூட மனைவி அமலோற்பவத்தைத்தான் கையெழுத்துப் போடச் சொல்வார். வாழ்க்கையில் ஒரே ஒரு தாளில் தயங்காமல் போட்டார். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் குமைகிறார்.

மொசாம்பிக்கிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றி வந்த கப்பல் அது. சரக்கை இறக்கியதும் முதலாளி கைகழுவிவிட்டான். பாக்கிக்காகக் கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்தது. அதிலிருந்த ஆறு பேரும் அந்த நாட்டுக்காரர்கள். கரையிறங்க அனுமதி கிடையாது. நாலு மாதம் கழித்து, கப்பல் கம்பெனிக்காகக் கரையில் வேலை பார்க்கிற ஏஜெண்டு ஒரு வழி சொன்னார். ஐந்து பேர் ஊருக்குப் போகலாம், கப்பலைக் காக்க ஒருவர் மட்டும் இருக்க வேண்டும். ஆறு பேரும் மேல்தட்டில் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். சமையல்காரரிலிருந்து எஞ்சினியர் வரை ஆளுக்கு ஒரு கை தூக்கினார்கள், எல்லாக் கையும் ஒரே எடை. போனால் ஆறு பேரும், இல்லாவிட்டால் யாருமில்லை என்று முடிவானது. மரியானுக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. சொல்லியும் பார்த்தார். அவர்கள் சிரித்துவிட்டு அவருக்குக் காபி கொடுத்தார்கள்.

அவர்கள்மேல் அவருக்கு வந்த பாசத்துக்குக் காரணம் உண்டு. முதல் நாளே எஞ்சினியர் தன் பெயரைச் சொன்னார், ஜோவாகிம் பெர்னாந்தீஸ் என்று. மரியான் நெஞ்சைத் தட்டி, தானும் பர்னாந்துதான் என்றார். சமையலறைக்கு அவர்கள் வாயிலும் குசினி, இவர் வாயிலும் குசினி. மேசையும் சாவியும்கூட ஏறக்குறைய அப்படியே. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏளா, நம்ம சனம் ஆப்பிரிக்காவுலயும் கெடக்கு" என்றார். அடுத்த நாளிலிருந்து ஜோவாகிம் அவருக்குச் சுவக்கீன் ஆனார். மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்த இனாசியு, இன்னாசி ஆனார். இனாசியு ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: அந்தப் பெயர்கள் இரண்டு கரைக்கும் ஒரே போர்த்துக்கீசியக் கப்பல்காரன் கொண்டுவந்து போட்டவை, ஜோவாகிமுக்குத் தாய் வைத்த பெயர் மாலுங்கா, தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியான் காதில் வாங்கியதோடு சரி.

ஏப்ரல் மாதம் ஜோவாகிமுக்கு நெஞ்சுவலி வந்தது. லாஞ்சில் படுக்கவைத்து, பேச்சுக் கொடுத்தபடியே மரியான் ஓட்டிவந்தார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்போது பதில் நின்றுவிட்டது.

உடம்பு பிணவறைக்குப் போனது. கப்பலில் மறுபடியும் வட்டம் போட்டார்கள். இந்தத் தடவை ஐந்து கை. மாலுங்கா தங்களோடுதான் ஊருக்கு வருவார், அதுவரை யாரும் தொடக்கூடாது. அந்தச் சேதியை ஏஜெண்டிடம் கொண்டுபோய்ச் சொன்னவரும் மரியான்தான். புதைக்காத உடம்பு ஊர்ப்பேச்சானது. தூதரகத்திலிருந்து போன் வந்தது, பத்திரிகைக்காரர்கள் விசாரித்தார்கள், கோர்ட்டிலும் கேள்வி கேட்டார்கள். ஐந்து பேருக்கும் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

மரியானுக்கோ தூக்கம் போனது. அவர் தெருவில் செத்த உடம்பை மறுநாள் தாண்டி வைக்கமாட்டார்கள். கோவில் மணி அடித்து, குழியில் மண் விழுந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ஞானஸ்நானம் வாங்கிய ஓர் உடம்பு முப்பத்தேழு நாளாக ஐஸில் கிடக்கிறது. அதோடு சிலுவை என்ற தம்பியின் நினைப்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்கக் கரையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் போனவன். எவர் புதைத்தார், எங்கே புதைத்தார், இன்றுவரை தெரியாது.

இது ஏஜெண்டுக்கும் தெரியும். கப்பலிலிருக்கிற ஐந்து பேர் சார்பில் அடக்கத்துக்குச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினார். அவர்கள் சேதியெல்லாம் மரியான் வழியாகத்தானே வந்தது, அவர் போட்டால் போதும் என்றார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள் அமலோற்பவம்.

"நம்ம சனத்துக்கு நாம செய்யுததுக்கு என்னத்தளா கேக்கணும்?"

அடக்கம் குறைவில்லாமல் நடந்தது. சாமியார் வந்தார், மணி அடித்தது, தெருவே நடந்தது. கல்லறைமேல் நட்ட மரச்சிலுவையில் 'சுவக்கீன் பர்னாந்து' என்று கறுப்புப் பெயின்டில் எழுதினார்கள். மண்ணள்ளிப் போடும்போது தம்பிக்கும் சேர்த்தே போட்டதாக மரியானுக்கு இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு, பரிசு கொண்டுபோகிறவரைப் போலக் கப்பலேறினார்.

ஐந்து பேரும் போனைக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. கடைசியில் இனாசியு, இருவருக்கும் தெரிந்த கப்பல் இங்கிலீஷில், கோபமில்லாமல் சொன்னார்.

"நீங்க நல்லவர். எங்க அப்பா பத்து வருஷம் காட்டுக்குள்ள இருந்து சண்டை போட்டார். எங்களை அடிச்சவங்களை விரட்ட மட்டும் இல்லை. எங்களுக்கு எது நல்லதுன்னு எங்களைக் கேட்காமலே முடிவு பண்ணினவங்களையும் சேர்த்துத்தான். அதுல நல்லவங்களும் இருந்தாங்க."

மரியான் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏணியில் இறங்கி லாஞ்சைக் கரைக்குத் திருப்பினார்.

அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போனது. கப்பல்காரர்களே சம்மதித்துவிட்டார்கள் என்று ஆனது. தூதரகத்துப் போன் நின்றது, பத்திரிகைக்காரர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். ஆடி முடிந்தபோது ஐந்து பேருக்கும் தெம்பில்லை. பழைய பேச்சையே ஏஜெண்டு திரும்பவும் கொண்டுவந்தார். நாலு பேர் விமானமேறினார்கள். கப்பலைக் காக்க இனாசியு நின்றார்.

இப்போது மரியான் ஒரே ஓர் ஆளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் சிலுவையிலிருந்த எழுத்தை அவரே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். கப்பலுக்குப் போய், என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டார். அதைத் தான் மட்டும் சொல்ல முடியாது, ஐந்து கையும் வேண்டும் என்றார் இனாசியு. மரியான் போனிலேயே நாலு பேருக்கும் பேசி அனுப்பினார். மூன்று பதில் வந்தது. நாலாவது ஆள், எல்லோரிலும் இளையவன், வேறு கப்பலில் ஏறிவிட்டானாம். எந்தக் கப்பல் என்று அவன் வீட்டாருக்கே தெரியவில்லை.

திருநாளன்று கல்லறையெங்கும் மெழுகுவர்த்தி. எழுத்தில்லாத சிலுவைக்கு முன்னால் மரியானும் ஒன்றைக் கொளுத்தி, காற்றுக்குக் கையை அணைகொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கல்லறைக்கு வந்த தெருப்பையன் ரெனிஷ், "யாருக்கு மாமா இது? பேரே காணோம்" என்று கேட்டான்.

"இன்னும் ஒரு கை வரணும்ல" என்றார் மரியான். அவனுக்கு விளங்கவில்லை. இவரும் விளக்கவில்லை.