சான்றிதழ் வரும் வரை

ஐம்பதுகளின் பிற்பகுதி. சரக்குக் கப்பல் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஒரு மாசி மாதம் இத்தாலியின் ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் நின்றோம். அந்த நகரத்தின் நடுவே பழைய கால்வாய் ஒன்று உண்டு. அதைப் பார்க்க நானும், எஞ்சின் அறையில் வேலை பார்த்த கீழக்கரைக்காரர் ஒருவரும், கரையிறங்கும் பதிவேட்டில் முறைப்படி கையெழுத்திட்டுவிட்டுப் போனோம். நான் ராமநாதபுரத்துக்காரன் என்பதால் என்னோடு ஒட்டிக்கொண்டவர் அவர்.

கடைத்தெருவுக்குள் கடல் வந்து நின்றது. ஒரு காலத்தில் பாய்மரக் கப்பல்கள் வியாபாரிகளின் வாசலிலேயே சரக்கை இறக்குமாம். கால்வாயின் கோடியில் தூண்கள் வைத்த தேவாலயம்.

"நம்ம ஊர்ல இடுப்பளவுத் தண்ணியில மூட்டையச் சுமந்து சாகுறோம். இவங்க கடலையே வீட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்கண்ணே" என்று சிரித்தார்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கைகால் கழுவப் படியில் இறங்கினார். மலைக்காற்று ஆளைத் தள்ளியது. கப்பலில் போய்க் கழுவலாமே என்றேன்.

"இதுவும் நம்ம கடல்தாண்ணே. இந்தா வாரேன்."

பாசி படிந்த படி. வழுக்கியவரின் தலை ஒரு படகின் விளிம்பில் மோதியது. படகுக்காரர்கள் கொக்கிக் கழியால் இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை. மறுநாள் கப்பலில் இருந்த சிட்டகாங் முஸ்லிம்கள் தொழுகை நடத்தி அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

சித்திரையில் ஊர் திரும்பினேன். எங்கள் பக்கம் வருகிறவன் நான் ஒருவன்தான். ஆனால், மரணச் செய்தியை நிறுவனம் சான்றிதழோடு எழுத்தில் அனுப்ப வேண்டும். சிப்பந்திகள் வாய்மொழியாகச் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்கு எல்லா விதிகளும் தெரியும்.

அவருடைய மைத்துனர் என்னைத் தேடி வந்தார். "மச்சான்கிட்டருந்து கடுதாசியே காணோம்ணே. தங்கச்சி வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு."

"ஆபீசிலிருந்து கடிதம் வரும்" என்றேன்.

"கப்பல் மாத்திட்டாகளோ" என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போனார். நான் மறுக்கவில்லை. பொய் சொல்லாமல் சமாளித்ததாக என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஆடியில் மறுபடி வந்தார். "தபால் வந்துருச்சுண்ணே. இங்கிலீசுல இருக்கு. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும்."

கீழக்கரை போய், அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்று வாசித்தேன். திரைக்குப் பின்னால் எழுந்த அழுகையை எழுத எனக்கு வராது. பிறகு பெரியவர்கள் இத்தாவைப் பற்றிப் பேசினார்கள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு ஒதுங்கித் துக்கம் காக்கும் முறை அது. பள்ளிவாசல் ஹஜ்ரத் சான்றிதழின் தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணினார். கணக்கு செய்தி வந்த நாளிலிருந்து அல்ல, உயிர் பிரிந்து மவுத்தான நாளிலிருந்து. கெடு முடிந்துவிட்டது, இனி இத்தா இருக்க வேண்டியதில்லை என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"நீங்க எப்ப ஊருக்கு வந்தீக?"

"சித்திரையில்."

"வைகாசியில கொழுந்தன் கல்யாணத்துக்குப் பூ வச்சுக்கிட்டுப் போனேன்ணே. வந்தன்னைக்கே சொல்லிருந்தா, மிச்ச நாளாச்சும் அவுகளுக்காக இருந்துருப்பேன்ல."

யாரும் என்னைத் திட்டவில்லை. மைத்துனர் பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

நான் எந்த விதியையும் மீறவில்லை. ஒரு பெண் தன் புருஷனுக்காகத் துக்கம் காக்க இருந்த நாட்களைப் பறிப்பதற்கு விதி எதையும் மீற வேண்டியதில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.