முதுகு காட்டாத டீச்சர்

கரும்பலகையில் எழுதும்போதுகூட அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டுவதில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் நின்றுகொள்வார். வலது கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போகும். கண் இரண்டும் பிள்ளைகள் மேலேயே இருக்கும். பலகையைப் பார்க்காமல் எழுதுவதால் வரிகளெல்லாம் சரிந்து சரிந்து இறங்கும். பின்வரிசைப் பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் படிப்பார்கள். சாக்பீஸைக் கீழே வைத்த கையோடு, "மூணாவது பெஞ்ச், வாய்ல என்ன?" என்ற கேள்வி வந்து விழும். மூன்றாவது பெஞ்ச் அவசரமாக விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல டீச்சர்" என்னும்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர். எந்தக் காலத்துப் பிள்ளைகள் வைத்ததோ தெரியாது, அவர் காதுக்கும் அது எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. வெளியில் உர்ரென்று இருந்தாலும் உள்ளுக்குள் அதில் அவருக்கு ஒரு பெருமை. கணக்கு டீச்சர். தலைமுடியில் பாதி நரைத்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு. வராந்தாவில் வந்தால் சத்தமே கேட்காது. தேர்வு அறையில் கண்கொத்திப் பாம்பு. தொடையில் எழுதிக்கொண்டு வந்தவன், தண்ணீர்ப் புட்டியின் லேபிளுக்கு உள்பக்கம் எழுதிக்கொண்டு வந்தவள், தும்மல் கணக்கை வைத்து விடை பரிமாறிய ஒரு கோஷ்டி, எல்லாரையும் கையும் களவுமாகப் பிடித்தவர். பிடித்தபின் போனால் போகட்டும் என்று விட்டதும் கிடையாது. அவர் பிடித்தது தப்பு என்று அதுவரை யாரும் சொன்னதும் கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் வெளியே காபி குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

"யாரோட குடிச்சீங்க?"

"தனியாத்தான் குடிச்சேன்."

"தனியா போறவங்க யாராவது ரெண்டு காபி குடிப்பாங்களா?"

இரண்டு காபி என்பதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அந்த மனிதர் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் பள்ளிக்கூடத்துக்குத்தான் எல்லை தாண்டி ஒரு டீச்சர் வந்து சேர்ந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் படிக்கிறார்கள். பேச்சு புரியாமல், பாடம் புரியாமல், வகுப்பின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கிடந்தார்கள். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கூடிப் பேசி ஆசிரியர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு அங்கிருந்து இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் இங்கே வந்து இந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பார். இங்கிருந்து ஒருவர் அங்கே போய்ப் பாடம் நடத்துவார். அந்தக் கணக்கில் இங்கிருந்து போனவர் அறிவியல் வாத்தியார். போய்ச் சேர்ந்த வாரத்திலிருந்தே சிரித்த முகமாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இங்க இருந்தவரைக்கும் அந்த ஆள் ஒரு நாள் சிரிச்சுப் பார்த்திருக்கோமா? என்னமோ இருக்கு" என்றார் சி.ஐ.டி.

வந்தவள் மேல் வந்த சந்தேகத்துக்கோ அளவே இல்லை. "நல்லாச் சொல்லித் தர்ற டீச்சரா இருந்தா அவங்க ஊர்க்காரங்களே விடுவாங்களா? பிடிச்சு வச்சுக்க மாட்டாங்க?" என்று ஆசிரியர் அறையில் பொதுவாக ஒரு கேள்வி போட்டார். விருந்தாளி டீச்சர் முதல் நாள் பெட்டி நிறைய மிட்டாய் கொண்டுவந்து நீட்டினாள். மற்றவர்கள் தின்று முடித்து நல்லபடியாக நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் சி.ஐ.டி. ஒன்றை எடுத்தார். போதாக்குறைக்கு அவள் வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். முன்பின் தெரியாதவள் அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்க வேண்டும் என்பது சி.ஐ.டி.யின் கணிப்பு. எல்லாவற்றையும்விட அவரை உறுத்திய விஷயம் வேறு. அந்தப் பிள்ளைகளோடு அவள் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வாள். வாயே திறக்காத பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். யாரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்? வேறு யாரை!

பருவம் முடிகிறபோது மனக்கணக்குத் தேர்வு வந்தது. டீச்சர் கணக்கை வாசிப்பார். பிள்ளைகள் விடையை மட்டும் எழுத வேண்டும். வழி எழுதக் கூடாது, கிறுக்கிப் பார்க்கக் காகிதம் கிடையாது. எல்லை தாண்டி வந்த மூன்று பிள்ளைகளுக்கு, ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணுக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும், அது பெரிய கண்டம். தேறினால் வயதுக்கேற்ற வகுப்பில் நீடிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வகுப்பு கீழே.

சி.ஐ.டி. மூன்று பேரையும் மூன்று மூலையில் பிரித்து உட்காரவைத்தார். "ஒரு பெட்டியில பதினேழு பென்சில். எட்டுப் பெட்டியில எத்தனை?" என்று முதல் கணக்கை வாசித்த உடனேயே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஜன்னலோரம் ரெட்டைப் பின்னலின் இடது கை பெஞ்சுக்கு அடியில் போயிற்று. கட்டைவிரல் மற்ற விரல்கள் மேல் கிடுகிடுவென்று ஏறி இறங்கிற்று. அந்த மூலையில் அண்ணனுக்கும் அதே. இந்த மூலையில் தம்பிக்கும் அதே. மூன்று கட்டைவிரலும் ஒரே தாளத்தில் ஆடி நின்றன, மூன்று பென்சிலும் எழுதின. சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். நிலையில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி டீச்சரின் கட்டைவிரலும் ஆடிக்கொண்டிருந்தது!

கடைசிக் கணக்குவரை அப்படியேதான். மூன்று பேருக்கும் எல்லா விடையும் சரி.

சி.ஐ.டி. விருந்தாளியிடம் மூச்சுவிடவில்லை. திருடனிடம் போய் யாராவது துப்புச் சொல்வார்களா? ரெட்டைப் பின்னலை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"கைல என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல டீச்சர்."

"கட்டைவிரல் ஆடுச்சே?"

அந்தப் பெண் யாருடைய விரலையோ பார்ப்பதுபோலத் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "ஆடலையே டீச்சர்."

கண்ணால் கண்டதையே இல்லை என்கிறதே இந்தக் குழந்தை! சி.ஐ.டி. நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார். தலைமையாசிரியர் வம்பு என்றால் பத்து அடி தள்ளி நிற்கிறவர். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா ரெண்டு பக்கமும் பேர் கெட்டுப்போயிடும் டீச்சர். நல்லாப் பார்த்தீங்களா?" என்றார்.

"இன்னொரு தேர்வு வைங்க. நிரூபிச்சுக் காட்டறேன்."

மறுநாள் விருந்தாளியை அலுவலக வேலை என்று மாடிக்கு அனுப்பிவிட்டு, மூன்று பேரை மட்டும் உட்காரவைத்தார். "ரெண்டு உள்ளங்கையும் மேஜை மேல ஒட்டி இருக்கணும். எழுதறப்ப மட்டும் பென்சிலைத் தொடலாம். எழுதினதும் கை பழையபடி வந்துடணும்" என்றார். கணக்கை வாசித்தார். பிள்ளைகள் மேஜையில் ஒட்டிக் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்துக் கணக்கில் அண்ணனுக்கு மூன்று சரி, ரெட்டைப் பின்னலுக்கு இரண்டு. தம்பி பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

"நீங்க சொன்னது அச்சு அசலாச் சரியாப் போச்சு" என்றார் தலைமையாசிரியர். அடுத்த திங்கள்கிழமை மூன்று பேரும் கீழ் வகுப்புக்குப் போக வேண்டும், விருந்தாளி டீச்சரை மரியாதையாகத் திருப்பி அனுப்ப எழுதிப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

ரெட்டைப் பின்னலுக்குச் செய்தியைச் சொன்னதும் சி.ஐ.டி.தான். அவள் அழவில்லை.

"அந்தக் கிளாஸ்ல என் தங்கச்சி இருக்கா டீச்சர்."

"இருக்கட்டும், அதுக்கென்ன?"

"ஒரே பாடத்துக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு அம்மா கேப்பாங்க. ஆலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சி.ஐ.டி.க்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்திருக்கிறார். பிடிபட்டவர்கள் அழுவார்கள், காலில் விழுவார்கள், அடுத்தவனைக் காட்டிக்கொடுப்பார்கள். இந்த மாதிரி யாரும் போனதில்லை. அதுவும் தொலைந்துபோன சாமானைத் தேடுகிற மாதிரி கையையே பார்த்துக்கொண்டிருந்தார்களே, அது ஏன்?

அன்று சாயங்காலம் பெற்றோர் கூட்டத்துக்காகக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பியூன் போனபின்னும் உள்ளே அரவம் கேட்டது. சி.ஐ.டி. கதவிடுக்கில் கண்ணை வைத்தார். விருந்தாளி டீச்சர் தனியாக வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள். இடது கையின் கட்டைவிரல் ஆடிற்று. சுண்டுவிரலின் அடியிலிருந்து நுனிக்கு, பிறகு அடுத்த விரலின் அடியிலிருந்து நுனிக்கு.

சமிக்ஞை! யாருக்கு? சி.ஐ.டி. கூடம் முழுவதும் கண்ணை ஓட்டினார். ஆளைக் காணோம். உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் பார்த்தார். மேடைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். ஒரு சிலந்தி மட்டும் இருந்தது.

"என்னக்கா தேடறீங்க?"

"யாருக்குக் கையைக் காட்டிட்டு இருக்கீங்க?"

"கையா? நாற்காலி எண்ணிட்டு இருக்கேன்க்கா."

"எண்ணறதுக்கு எதுக்கு விரலைத் தடவணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை விரித்து நீட்டினாள். "இதோ பாருங்க, ஒரு விரலுக்கு மூணு கணு. நாலு விரலுக்குப் பன்னெண்டு. எங்க பக்கம் பிள்ளைங்க எண்ணப் பழகறதே இப்படித்தான். கணக்குப் போடறப்ப மீதியை ஒரு கணுவுல பிடிச்சு வச்சுப்போம். அதுபாட்டுக்குப் பழகிடும், விரல் ஆடறது நமக்கே தெரியாது. நீங்க எப்படி எண்ணுவீங்க?"

சி.ஐ.டி. கையை மூடி, ஒவ்வொரு விரலாக நீட்டிக் காட்டினார்.

"அஞ்சோட கை தீர்ந்துபோச்சே. அப்புறம்?"

"இன்னொரு கை."

"அப்ப எந்தக் கையால எழுதுவீங்க?"

சி.ஐ.டி. நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தேர்வையும், மேஜையில் ஒட்டவைத்த கைகளையும், திங்கள்கிழமையையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளைத் திருப்பி அனுப்பப் போவதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க விருந்தாளியின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றிவிட்டது.

"கையைக் கட்டிப்போட்டுட்டு நீந்தச் சொல்லியிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டீச்சர்."

அக்கா போய் டீச்சர் வந்திருந்தது. இத்தனை நாள் அந்த அக்காவைக் கண்டாலே ஆகாத சி.ஐ.டி.க்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றார். "இன்னொரு தடவை தேர்வு வைக்கணும் சார்."

"அதான் பிடிச்சாச்சே?"

"எனக்கு ஒரு சந்தேகம்."

"இன்னும் யார் மேல?"

"என் மேலதான்."

இந்தப் பெண்மணியின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருமா என்று தலைமையாசிரியர் ஆடிப்போய்விட்டார். தானே நேரில் பார்க்கிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்து வகுப்பு வாசலில் போட்டுக்கொண்டார். விருந்தாளி டீச்சர் இந்தத் தடவை தானாகவே மாடிக்குப் போய்விட்டாள். அவள் சொல்லிக்கொடுத்தாள் என்று இன்னொரு பேச்சு வரக்கூடாது.

மூன்று பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலேயே உள்ளங்கைகள் மேஜையில் போய் ஒட்டிக்கொண்டன.

"கையை எடுத்துடுங்க. எப்படி வேணுமோ எண்ணிக்கோங்க" என்றார் சி.ஐ.டி.

ஒரு கையும் அசையவில்லை. இது என்ன புது வலையோ என்று மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. இத்தனை வருடமும் அவர் மற்றவர்களைப் பார்த்துவந்த பார்வை.

"நிஜமாத்தான் சொல்றேன். எண்ணலாம்."

முதல் கணக்கை வாசித்தார். ரெட்டைப் பின்னலின் கை மேஜையை விட்டுக் கிளம்பவில்லை. கண் மட்டும் டீச்சரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். வாசலில் தலைமையாசிரியர் கர்ச்சீப்பை எடுத்தார். இந்தக் கணக்கும் போனால், இதற்கடுத்ததும் போனால், திங்கள்கிழமை அந்தப் பெண் அம்மாவோடு ஆலைக்குப் போவாள்.

சி.ஐ.டி. கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். அப்புறம் முழுசாகத் திரும்பி, கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டார்.

"முதல் கணக்கை மறுபடியும் வாசிக்கறேன்" என்றார் பலகையிடம்.

வாசித்து முடித்தார். பின்னால் ஒரு பென்சில் கீறும் சத்தம் கேட்டது. இன்னொன்று. அதற்குப் பின் மூன்றாவதும். சி.ஐ.டி.யின் கழுத்து பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தது. அதை அப்படியே நிறுத்தி, நேராக்கிக்கொண்டு, அடுத்த கணக்கை வாசிக்க ஆரம்பித்தார்.