பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்

ஆரம்பாக்கத்தில் இரண்டு ஏக்கரில் நெல் பயிரிடும் மணவாளனுக்கு அறுபத்தைந்து வயது. மகன் அன்புராஜ் ஒன்பது வருடமாகக் கனடாவில், டொரண்டோ நகரத்தில் இருக்கிறான். மகள் கல்பனா கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்பு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டு அப்பாவோடு இருக்கிறாள்.

போன ஆடியில் மணவாளனின் மனைவி ஈஸ்வரி இறந்தாள். உடலை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தார்கள். அன்புராஜ் விசும்பினான்.

"பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் நைனா. ரெண்டு ஃப்ளைட் மாறணும். எனக்காக வச்சினு இருக்காதீங்க. எடுத்துடுங்க."

ஈஸ்வரியின் தம்பி சின்னராசுவுக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு நாள் வச்சிருக்கலாமே மாமா. கடைசி வரைக்கும் அவன் பேரத்தானே சொல்லினு இருந்திச்சி அக்கா?"

"உனுக்கு இன்னா தெரியும்? பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்! எளாவூருக்குப் போய்ட்டு வர மாதிரின்னு நெனச்சியா?" என்று மணவாளன் சாவு வீடென்றும் பாராமல் கத்தினார். கொள்ளியை அவரே வைத்தார். சின்னராசு காரியத்துக்கு வந்து போனதோடு சரி. அதன்பின் பேச்சு நின்றுபோனது. யார் துக்கம் கேட்டு வந்தாலும் மணவாளன் அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுவார், எதிராளி வாயைத் திறக்கும் முன்பே.

தை மாதம், அறுப்பு முடிந்த வாரத்தில், கல்பனா போனில் ஒரு படத்தைப் பார்த்தாள். அண்ணனுடைய ஆபீஸ் சிநேகிதன் போட்டிருந்தான். கிண்டியில் ஒரு ஓட்டல். ஏழெட்டுப் பேர் நடுவில் அன்புராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"கம்பெனி மீட்டிங். நாலே நாள்தான். நாளைக்கு மதியானம் ஃப்ளைட். நைனாகிட்ட சொல்லாத. ஊட்டுக்கு வந்தா ஒரு நாள் பூரா போய்டும்."

ஒரு ராத்திரிக்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. விடிந்ததும் சொன்னாள். மணவாளன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சென்ட்ரலில் இறங்கி, விசாரித்து விசாரித்து மெட்ரோ பிடித்து, பதினொன்றரைக்கு விமான நிலையம் வந்து சேர்ந்தார். டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வாசலில் நின்ற காவலர் சொல்லிவிட்டார்.

மூன்று முறை அடித்தும் மகன் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தான்.

"நைனா, நான் செக்யூரிட்டி தாண்டி உள்ள வந்துட்டேன். இனிமே வெளிய வர முடியாது. எதுக்கு நைனா இவ்ளோ தூரம் வந்த?"

"ட்ரெயின் காலியாதான்பா இருந்திச்சி," என்றார் மணவாளன்.

"சரி, வெயில்ல நிக்காத. கெளம்பு."

ஷிப்ட் முடிந்து கல்பனா வந்தபோது, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் தரையில் படுத்திருந்தார்.

"பாத்தியா நைனா?"

"பாத்தேன். ஒடம்பு கொஞ்சம் எளைச்சிக்கிறான். உன்னையும் கேட்டான்."

'அவரை எதுக்கு அனுப்பின?' என்று அண்ணன் மத்தியானமே அவளுக்கு மெசேஜ் போட்டிருந்தான். கல்பனா அதைச் சொல்லவில்லை. "எழுந்து சாப்புடு," என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தட்டை எடுத்தாள்.