கல்யாணப்பெண் பெயர்த்த கல்

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தரையில் காதை வைத்துக் குப்புறப் படுத்திருந்தார். கட்டி முடியாத ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி அது. எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சைட் இன்ஜினியராக அன்று எனக்கு இரண்டாவது நாள். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, "தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"உஷ்!" என்றார், தலையைத் தூக்காமல். "கேக்க விடுங்க தம்பி."

கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி. அதன் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடியில் பசை நிறைந்திருந்தால் 'டங்' என்று வரும். எங்காவது காலியாக இருந்தால் 'டொக்'. டொக் வந்த கல்லை அந்த நிமிஷமே பெயர்த்து மறுபடி ஒட்டுவார். யார் சொன்னாலும் விடமாட்டார். அதனால் சைட்டில் அவருக்கு 'டொக்கக்கா' என்றே பெயர். முப்பத்தோரு வயது. கலவை சுமக்க வந்தவர், எட்டே வருஷத்தில் நாலு ஆண்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஆகிவிட்டார்.

"அலமாரிக்கு அடியில போற கல்லையெல்லாம் எதுக்குக்கா தட்டுறீங்க? யாரு பாக்கப்போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல வேலை தொடங்கறப்ப 'ஆண்டவரே, கூடவே இருங்க'ன்னு ஜெபம் பண்றேன்ல? வந்தவர்கிட்ட, அலமாரிக்கு அடியில மட்டும் எட்டிப் பாக்காதீங்கன்னு சொல்ல முடியுமா?"

எங்கள் சர்ச்சுக்குத் தரை போட்டதும் அவர்தான். கடைசிக் கல் ஒட்டியதும் அங்கேயே முழங்காலிட்டு, "இந்தத் தரை உமக்கு" என்று ஜெபம் செய்துவிட்டுச் சாவியைப் பாஸ்டரிடம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அதே சர்ச்சில் அவருக்கே கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் சைட் எலக்ட்ரீஷியன். நான் சாட்சிக் கையெழுத்து.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு ஒத்திகை. பீடத்துக்கு முன்னால் இருபுறமும் சுவர்வரை மரக் கைப்பிடித் தடுப்பு. நடுவே நாலடி இடைவெளி. அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு ஒரே பெரிய கல், நாலடிக்கு இரண்டடி. அதன்மேல் நின்றுதான் இருவரும் உறுதிமொழி சொல்ல வேண்டும். அக்கா புதுக் குதிகால் செருப்போடு தத்தித் தத்தி வந்து அந்தக் கல்மேல் கால் வைத்தார்.

டொக்.

"செருப்புச் சத்தம்பா" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

அக்கா செருப்பைக் கழற்றி, அதன் குதிகாலாலேயே கல்லைத் தட்டினார். டொக். டொக்.

"ஐயோ, இன்னைக்கு ஒருநாளாவது காத மூடிக்கிட்டு நில்லேன்டி!" என்றார் அக்காவின் அம்மா.

அக்கா மெல்லத் திரும்பி மாப்பிள்ளையை முறைத்தார். "எல்லாம் உங்களாலதான்."

"நான் என்ன பண்ணேன்? நான் பாட்டுக்கு ஏணி மேல நின்னு ஒயர் இழுத்துட்டிருந்தேன்."

"இழுத்துட்டே என்ன கேட்டீங்க?"

மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. 'என்னைக் கட்டிக்கிறியா?' என்று அவர் கேட்டது அந்தக் கல்லைப் பதித்த அன்றைக்குத்தானாம், அந்த ஏணி மேலிருந்துதானாம்.

"சரின்னு சொன்னேன். அடுத்த கல்லுக்குப் பசைக் கரண்டிய எடுத்தது ஞாபகம் இருக்கு. பசை தடவுனதும் தட்டிப் பாத்ததும் ஞாபகமே இல்ல" என்றார் அக்கா.

பாஸ்டர் உட்பட எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். "அப்ப அது நம்ம கல்லு! ஞாபகார்த்தமா அப்படியே கெடக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தபோதே கண் கலங்கிவிட்டது. "சந்தோஷமா இருந்தேன்னு சொல்லி ஆண்டவருக்குக் காலிக் கல்லையா குடுக்கறது? இதுமேல நின்னு, கடைசிவரைக்கும் உண்மையா இருப்பேன்னு நாளைக்குச் சொல்லணும். காலுக்கடியில பொய்ய வச்சுக்கிட்டு எனக்கு வாய் வராது."

எல்லோரும் என் பட்டத்தைப் பார்த்தார்கள்.

"இன்ஜினியர் தம்பி, இப்ப ஒட்டுனா காலைல பத்து மணிக்கு மிதிக்கலாமா?" என்றார் பாஸ்டர்.

"இருபத்துநாலு மணி நேரம் ஆகணும். மிஞ்சிப்போனா நமக்குப் பதினேழுதான் இருக்கு." சீக்கிரம் இறுகும் பசைக்குக் கடைக்குப் போன் போட்டேன். வர இரண்டு நாளாகும் என்றார்கள். பலகை போட்டு நடக்கலாம் என்றார் ஒருவர். பளு அழுத்தினால் பலகை வளைந்து கல்லில் இடிக்கும் என்று அக்காவே மறுத்துவிட்டார்.

"அப்ப எப்படிடி உள்ள போவீங்க? பறந்தா?" என்றார் அம்மா.

அக்கா மாப்பிள்ளையிடம் சொன்னார்: "இது உங்க கல்யாணமும்தான். நீங்க வேணாம்னா தொடல."

அவர் கல்லைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றார், ஒரு காலில் செருப்போடு.

ஸ்கூட்டர் டிக்கி சாத்தும் சத்தம் கேட்டது. சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்தார் மாப்பிள்ளை. "மொத அடி என்னுது. கேட்டவன் நான்தானே!"

ஒரு மணி நேரத்தில் பழைய கல் தூள். அக்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மூலை முடுக்கு விடாமல் பசை தடவி, மிச்சமிருந்த புதுக் கல்லைப் பதித்தார்.

மறுநாள் காலை கல்லின் இரண்டு ஓரத்திலும் பூந்தொட்டி வைத்திருந்தோம். முதலில் பாஸ்டர். நல்ல பருமன். நாலு எட்டு பின்னால் போய், பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து தாவினார் பாருங்கள், சபையே கைதட்டியது! அடுத்து மணமக்கள், கைகோத்துக்கொண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு"க்குத் தாவுவதாகப் பேச்சு. அக்கா 'ரெண்டு'க்கே வெள்ளை உடையைச் சுருட்டிப் பிடித்துப் பறந்துவிட்டார். மாப்பிள்ளை பின்னால் இழுபட்டுப் போய்ப் பீடத்தருகே விழுந்து எழுந்தார். "இந்த வயசுல நான் தாண்டவா?" என்று முறைத்துக்கொண்டிருந்த அம்மா, கடைசியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாவினார். போட்டோக்காரர் படம் விழவில்லை என்றதும், திரும்பி வந்து இன்னொரு தரம் தாவினார். வாய்க்கால் தாண்டி வளர்ந்த எனக்கு இரண்டடி ஒரு பொருட்டா? பேனாவோடு ஒரே தாவு.

பீடத்தருகே நின்று உறுதிமொழி சொல்லும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கடைசி வரிசைவரை கேட்கும்படி கணீரென்று சொன்னார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அக்காவிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு மாடிகளுக்குத் தரை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒயரிங் வேலை அவர் கணவருடையது. ஒரு வயது மகளை அம்மா பார்த்துக்கொள்கிறார்.