தீவில் ஒரு குடம் தண்ணீர்

ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிக் காட்டுவதற்கு மாதச் சம்பளம் வாங்கியவன் நான். எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்தபோது, ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் விருந்தாளிகளைக் கவனிப்பது என் பொறுப்பு. வந்தவர்கள் எல்லோருக்கும் கடலுக்குள் இருக்கும் ஆளில்லாத் தீவைப் பார்த்தாக வேண்டும். உறவினரை ஊர் சுற்றிக் காட்டி அலுத்துப்போன உங்களுக்கு என் பாடு புரியும்.

திறப்பு விழா

மெட்ராஸ் ஆடிட்டர் ஒருவர் வள்ளத்தில் இரண்டு தடவை வாந்தியெடுத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தீவில் ஏறினார். மணல், செத்த பவழக் கற்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்த புதர்கள். சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். எனக்கு அந்த வெறுமை பிடிக்கும். மனிதர்களோடு ஒட்டாத ஆளுக்கு மனிதர்களை உபசரிக்கும் வேலை கிடைத்ததால் இருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை. ஆடிட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நல்ல இடம் சார். எப்போ திறக்கப்போறீங்க?"

பூட்டு இல்லாத குடம்

எங்களை ஏற்றிப்போகும் வள்ளத்தை ஓட்டும் தண்டல், சிலுவை அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக, புதருக்கடியில் இருக்கும் குடத்தில் புதுத் தண்ணீர் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிவிட்டு வருவார். தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. கச்சான் காற்று மேற்கேயிருந்து அடித்தால் மீன்பிடிக்கப் போனவர்கள் கரைக்கு வர முடியாமல் அங்கே ஒதுங்குவார்கள்; அவர்களுக்காக அந்தக் குடம். "திருடு போகாதா?" என்று கேட்டார் ஒரு விருந்தாளி. அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "களவாண்டு எங்கன கொண்டுபோவான்? சுத்தி கடல்லா கெடக்கு!"

உப்புக் குளியல்

கோயம்புத்தூரிலிருந்து பெரிய என்ஜினியர் குடும்பத்தோடு வந்தார். எல்லோரும் கடலில் குளித்தார்கள். நான் சாப்பாட்டுக் கேரியர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உடம்பில் ஒட்டிய உப்புப் போக அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார்கள். நாங்கள் கொண்டுபோன கேனும் அதற்குள் காலி.

கவிழ்ந்து கிடந்த குடத்தை அண்ணாச்சி நிமிர்த்தி வைத்தார். கச்சான் கிளம்பியிருந்தது. அவர் மனைவியின் தம்பி அந்தோணி, இரண்டு பேரோடு விடியற்காலையிலேயே வலைக்குப் போயிருந்தான். "காத்து கூடினா அவன் இங்கனதான் ஒதுங்குவான் சார். இவுகள இறக்கிட்டு நான் தண்ணியோட திரும்பணும்" என்றார். என்ஜினியரின் மனைவி கூந்தலை உலர்த்தியபடி சொன்னார்: "ஒரு குடத்துக்கா இவ்வளவு? ஊருக்குப் போனதும் பத்துக் குடம் பிடிச்சுக்கட்டுமே!"

ஓட்டை

கரையில் இறங்கியதும், அதே வள்ளத்தில் துறைமுகத்தையும் பார்த்துவிடலாம் என்றார் என்ஜினியர். அன்று இருட்டும்வரை வள்ளம் எங்கள் வாடகையில் இருந்தது. தெருக்குழாயில் பிடித்த இரண்டு குடங்களோடு அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடிப்பலகை விட்டுப்போச்சு சார், தண்ணி ஏறுது" என்று என்ஜினியரிடம் சொன்னேன். உள்ளதைச் சொல்லி அவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அதைத் துணிச்சல் என்று வைத்துக்கொள்ள இன்றும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஏறிய ஜீப் போனதும், பாய்மரத்தில் பாயை விரித்த அண்ணாச்சி கத்தினார்: "என் வள்ளத்துல ஓட்டைன்னு சொல்லிட்டீங்களே சார், நாளைக்கு எவன் ஏறுவான்?"

மறுநாள்

அன்று ராத்திரி நான் விருந்தாளிகளுக்கு மீன் குழம்பு பரிமாற ஏற்பாடு செய்தேன். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. குழம்பில் காரம் கூடுதல் என்றார்கள்.

காலையில் காற்று தணிந்ததும் கடற்கரைக்குப் போனேன். முதலில் அண்ணாச்சியின் வள்ளம், பின்னால் அந்தோணியின் வள்ளம். தீவில் ஒதுங்கிய மூன்று பேரும், பொழுது சாய்ந்து அண்ணாச்சி தண்ணீரோடு போய்ச் சேரும்வரை வறண்ட நாக்கோடு கிடந்திருக்கிறார்கள். அண்ணாச்சி இறங்கியதும் அவர் மனைவி அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். தாகத்தில் ரொம்பத் திண்டாடிவிட்டாயா என்று அந்தோணியிடம் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னான்: "தாகம் கெடக்கட்டும் அத்தான். குடம் காலியா இருந்ததும் நீரு செத்துட்டீருன்னுல்லா நெனச்சோம்!"

விருந்தாளிகளைப் பத்திரமாகக் கரை சேர்த்ததற்காகக் கம்பெனி என்னைப் பாராட்டியது. மற்றவர்கள் கரை சேர்ந்தது வேலை நேரத்துக்கு வெளியே நடந்த விஷயம்.